செவிலியும் மருத்துவச்சியும்

பக்கவாதத்தில் விழுந்த அம்மாவை அனந்தபுரத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் பத்தொன்பது இரவுகள் கிடந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி, பணியிலிருந்த செவிலியர் என்னைக் கூப்பிட்டு அம்மாவின் இடுப்புக்குக் கீழே சிவந்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார். “அமுக்கிப் பாருங்க சார். வெளுத்துட்டு மறுபடி சிவந்துதுன்னா பயமில்ல. அமுக்கியும் அப்படியே செவப்பா நின்னா உள்ளாற புண்ணு ஆரம்பிச்சிட்டுதுன்னு அர்த்தம்.” இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுப்பது, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கிவைப்பது, விளங்காத கையைப் பிடித்து இழுக்காமல் தோளுக்கு அண்டை கொடுத்துத் திருப்புவது என எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். அந்த இரவில் அவர் ஒருத்தரே முப்பது சொச்சம் கட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதனா மருத்துவமனையில் மூன்று கட்டிலுக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து கட்டிலுக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல்.

அம்மாவுக்குப் புண் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் ஸ்கேன் இருந்தது, ரத்த அழுத்தம் இருந்தது, மாத்திரைகளின் பெயர் இருந்தது. புண் வராமல் போனது பற்றி ஒரு வரி இல்லை. டாக்டரிடம் ‘கைராசிக்காரர் சார் நீங்க’ என்றேன். செவிலியரிடம் சொன்னது வேறு: ‘நல்ல மனசு சிஸ்டர் உங்களுக்கு.’

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஒருவருக்குக் கை, இன்னொருவருக்கு மனசு. கை பயின்றது, விலை உள்ளது. மனசு பிறவியிலேயே வந்தது, ஆகவே இலவசம். பராமரிப்பு உழைப்பின் விளைவு பெரும்பாலும் ஏதோ ஒன்று நிகழாமல் போவதுதான். நிகழாமல் போனதற்கு ஆவணம் கிடையாது. ஆவணம் இல்லாத திறனைப் பொதுப்புத்தி குணமாக வாசித்துக்கொள்கிறது.

அருணா ஷான்பாக் வழக்கை நண்பர்கள் கருணைக்கொலை விவாதமாக மட்டுமே நினைவில் வைத்திருப்பார்கள். பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியரான அவரை 1973 நவம்பர் 27 அன்று அதே மருத்துவமனையின் துப்புரவு ஊழியர் ஒருவர் நாய்ச்சங்கிலியால் கழுத்தை இறுக்கி வன்முறைக்கு உள்ளாக்கினார். 2015 மே 18இல் இறக்கும்வரை 41 ஆண்டுகளுக்கும் மேலாக உணர்வு திரும்பாமலேயே அங்கே கிடந்தார். அவருக்கு ஒருமுறைகூடப் படுக்கைப்புண் வந்ததில்லை என்பது 2011ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. முப்பத்தேழு ஆண்டுகள், இரண்டு மணிக்கொருமுறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நீதிமன்றம் செவிலியர்களின் அர்ப்பணிப்பை மனமாரப் புகழ்ந்தது. ஆனால் தாக்குதல் நடந்தபோது அதே செவிலியர்கள் தங்கள் பணிப்பாதுகாப்புக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது இந்தப் புகழ்ச்சிக் கதையில் ஓரத்துக்குப் போய்விடுகிறது. அர்ப்பணித்துக்கொண்டவர்கள் வேலைநிறுத்தம் செய்வதாகக் கதை எழுத நமக்கு வரவில்லை.

தமிழ் படித்தவன் என்ற முறையில் சொற்களுக்கு வருகிறேன். ‘நர்ஸ்’ என்பதற்கு நாம் தேர்ந்துகொண்ட சொல் ‘செவிலி’. அக இலக்கியத்தில் செவிலி தலைவியை வளர்த்த தாய். பெற்றவள் நற்றாய். தலைவி உடன்போக்கில் போய்விட்டால் பாலை நிலத்தில் தேடிக்கொண்டு நடப்பவள் செவிலி. அவள் மகள்தான் தோழி. அந்த மகளும் தலைவிக்காகவே பேசிக்கொண்டிருப்பாள். செவிலிக்குக் கூலி உண்டா, ஓய்வு உண்டா என்ற கேள்வி அகமரபில் எழ இடமில்லை. ஆங்கிலச் சொல்லின் வேரிலும் பாலூட்டுதல் இருக்கிறது. ‘சிஸ்டர்’ கன்னிமாடத்திலிருந்து வந்தது. எங்கு திரும்பினாலும் தாய், தங்கை, துறவி. வேலைக்காரி என்றுகூட ஒரு சொல் இல்லை பாருங்கள், அதிலாவது கூலி ஞாபகம் வரும்.

திறனைக் குறிக்கும் சொல் ஒன்று நம்மிடம் இருந்தது: மருத்துவச்சி. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நாவிதர் குலத்துப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஆண்கள் முடிவெட்டியதோடு கட்டி கீறிப் பச்சிலையும் வைத்தார்கள். அந்தச் சாதிக்கே மருத்துவர் என்று பெயர். நவீன மருத்துவம் வந்தபோது ‘மருத்துவர்’ என்ற சொல் எம்.பி.பி.எஸ். படித்தவருக்குப் போய்விட்டது. ரத்தமும் நஞ்சுக்கொடியும் தொட்ட கையின் தீட்டு மட்டும் பழைய ஆட்களிடமே நின்றுவிட்டது. மருத்துவச்சியைப் புனிதப்படுத்துவது என் நோக்கமல்ல. தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கத்தியில் அறுத்து வந்த இசிவில் செத்த பிள்ளைகள் கணக்கில்லை. நான் சொல்வது, ஒரு தொழிலின் அறிவை ஒருவரும் தீட்டை இன்னொருவரும் வைத்துக்கொள்ளும் இந்தப் பாகப்பிரிவினை இன்றைய வார்டு வரை வந்திருக்கிறது என்பதை. மலச்சட்டி எடுப்பவர், துடைப்பவர், ஊசி போடுபவர், ‘ரவுண்ட்ஸ்’ வருபவர் என்று படிப்படியாக உடலிலிருந்து விலகிச் செல்லச் செல்லச் சம்பளம் ஏறுவதைக் கவனியுங்கள். சாதி என்பது உழைப்பைப் பிரிப்பது மட்டுமல்ல, உழைப்பாளிகளையும் பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னதற்கு வார்டைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சம்பளம் என்றதும் 2015க்குப் போக வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து எடுத்த செவிலியர்கள் ஆயிரக்கணக்கானோருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் நிர்ணயிக்கப்பட்டது. 2016இல் மத்திய அரசின் குழு ஒன்று, ஐம்பது கட்டிலுக்கும் குறைவான தனியார் மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு 20,000த்துக்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது. 2017 நவம்பரில் இவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள், போராட்டத்தைக் கைவிடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020இல் கொரோனா வந்தது, கைதட்டினோம். அப்போது தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடித்துக்கொள்ளப்பட்டது.

கிராமத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது கணக்கு. நர்சம்மா என்றால்தான் ஊரில் தெரியும். கர்ப்பிணியின் கணுக்கால் வீக்கத்தைப் பார்த்து ரத்த அழுத்தம் எடுத்து, ‘எங்க காலத்துல இதெல்லாம் இல்ல’ என்னும் மாமியாரைச் சமாளித்து, நேரத்தோடு அனுப்பி வைத்தால் வலிப்பு வராது. மறுபடியும், வராத ஒன்று. ‘பிக்மி’ என்னும் கணினிப் பதிவு வந்த பிறகு இன்னொரு சிக்கல். “கம்ப்யூட்டர்ல ஏத்தலன்னா நான் வேலையே செய்யலன்னு அர்த்தம் சார். அந்த மாமியார்கிட்ட நாலு நாள் நடையா நடந்து பேசுனத எந்தக் கட்டத்துல ஏத்தறது?” என்று ஒருவர் கேட்டார்.

அந்த நாலு நாள் பேச்சுக்குக் கோட்பாட்டில் ஒரு பெயர் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்டு 1983இல் எழுதிய நூலில் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ‘உணர்வுழைப்பு’ என்ற கருத்தாக்கத்தை வைத்தார். கூலிக்காகத் தன் உணர்ச்சியையே நிர்வகித்துக் காட்டும் உழைப்பு அது. எரிச்சலை விழுங்குவதும் சிரிப்பை வரவழைப்பதும் வேலையின் பகுதி. ஆனால் அவர் பார்த்த பெண்களுக்கு நிறுவனம் புன்னகையைப் பயிற்சி கொடுத்துக் கற்பித்தது. நம்மிடம் பயிற்சியும் கிடையாது, பெண்ணாய்ப் பிறந்ததே பயிற்சி. மருத்துவமனை வார்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு பார்த்த செவிலியர் மூன்றாவது கட்டிலுக்குச் சிரித்த முகத்தோடு போக வேண்டும். அந்தச் சாவுகளை எங்கே இறக்கிவைப்பார் என்று நமது தொழிற்சங்கங்கள்கூட அதிகம் கேட்டதில்லை.

இந்தச் சொல்லாடல் உச்சமாகச் செயல்படுவது அங்கன்வாடியில். 1975 அக்டோபர் 2இல் திட்டம் தொடங்கியபோதே பணியாளர்கள் ‘கௌரவ ஊழியர்கள்’, வாங்குவது ‘மதிப்பூதியம்’. தமிழ்நாட்டில் ‘சிறப்புக் காலமுறை ஊதியம்’ என்பார்கள். அந்தச் ‘சிறப்பு’ என்ற அடைமொழி வந்தாலே குறைவு என்று பொருள். அவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று 2006இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. அதாவது பணிக்கொடைக்கு மட்டும் அது வேலை. இதற்கிடையே 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தது. வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கும் பெண்களுக்குச் சூட்டிய பெயர் ‘தன்னார்வலர்’. திட்டம் பயனுள்ளது, மறுக்கவில்லை. என் அம்மாவுக்கே மாத்திரை அப்படித்தான் வருகிறது. அந்தப் பெயர்தான் உறுத்துகிறது.

அரசை மட்டும் சொல்லிப் பயனில்லை. சில வருஷங்களுக்கு முன் திண்டிவனத்தில் அங்கன்வாடி ஊழியர்களின் ஆர்ப்பாட்டத்துக்கு நோட்டீஸ் எழுதித்தரச் சொன்னார்கள். ‘தாயுள்ளத்தோடு தன்னலமற்ற சேவை புரியும்...’ என்று ஆரம்பித்திருந்தேன். வயதான பணியாளர் ஒருவர் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “தாயுள்ளம்னு நீங்களே போட்டுட்டா அப்புறம் இன்னாத்துக்குச் சம்பளம்னு கேப்பான் சார். எடை போட்டுக் கோடு போடத் தெரியும், கோடு எறங்குனா மூஞ்சி வாடறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கத் தெரியும், நாப்பது புள்ளைங்கள ஒரே ரூம்புல வெச்சி மேய்க்கத் தெரியும்னு எழுதுங்க.” அடித்துவிட்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தெரிந்தவற்றின் பட்டியல் தாளின் பின்பக்கத்துக்கும் போய்விட்டது. அச்சகத்துக்காரர் இரண்டு பக்கத்துக்குக் காசு கேட்டார்.