சர்க்கரை நோயில் இரத்தக் குழாயைப் பச்சிலை காக்குமா?



அடி அண்ணாமலைப் பக்கம் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தால் போதும். "பாகற்காய்ச் சாறு குடி, சிறுகுறிஞ்சான் தின்னு, சரியாப் போயிடும்" என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இதில் உண்மை எவ்வளவு?

நமது இரத்தக் குழாயின் உட்புறத்தில், பானைக்குள் பூசிய பூச்சுப் போல ஒரே அடுக்காகச் செல்கள் இருக்கின்றன. குழாய் விரியவும், இரத்தம் உறையாமல் ஓடவும் வேண்டியதை இவையே சுரக்கின்றன. வருடக்கணக்கில் சர்க்கரை மிகுந்து நின்றால் இச்செல்கள் நலிந்து போகும். கண், சிறுநீரகம், இருதயம், கால் ஆகியவற்றுக்குக் கேடு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறது. ஆண்களுக்குத் தாம்பத்திய உறவில் தளர்ச்சி வருவதற்கும் இது ஒரு காரணம். வெளியே சொல்ல வெட்கப்பட்டு லேகியத்துக்குக் காசைக் கொட்டுவதை விட, புருஷனும் பெண்ஜாதியுமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து இரத்தம் சோதித்துக் கொள்வது மேல்.

மஞ்சளில் உள்ள குர்குமின், வெங்காயத்தில் உள்ள குவர்செட்டின் போன்ற பொருள்கள், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்களைச் சர்க்கரையின் சேதத்திலிருந்து ஓரளவு காத்தது உண்மை. ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. நாம் தின்னும் மஞ்சளிலிருந்து இரத்தத்தில் சேரும் குர்குமின் மிகச் சொற்பம். சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரை இனிக்காதுதான். அது நாக்கு மரத்ததன் அடையாளமே தவிர, நோய் இறங்கியதன் அடையாளம் அல்ல.

செடியை இழிவாகச் சொல்வதாக எண்ண வேண்டாம். நீங்கள் விழுங்கும் மெட்பார்மின் மாத்திரைக்கே வழிகாட்டியது கலீகா என்னும் ஐரோப்பியச் செடி. அந்தச் செடியில் நஞ்சும் உண்டு. அதிலுள்ள பொருளை ஒட்டிச் செயற்கையாகச் செய்த மருந்தைக் கொடுத்துப் பார்த்து, 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் பலனை வெளியிட்டார். அளவு தெரிந்து, சோதித்துப் பார்த்த மருந்து அது.

ஆகவே பாகற்காய், வெந்தயம், கீரை எல்லாம் சாப்பாட்டில் தாராளமாகச் சேருங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு பச்சிலைச் சாறும் சேர்ந்தால் சிலருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் சாறு, கஷாயம் எதையும் தொடக் கூடாது.

இன்னொன்று. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கால் மரத்தவர்களுக்கு முள் தைத்தாலும் தெரியாது, தார் ரோடு சுட்டாலும் தெரியாது. அவர்கள் மெத்தென்ற செருப்புப் போட்டு நடந்தால் அண்ணாமலையார் கோபித்துக்கொள்ள மாட்டார். வீடு திரும்பியதும் புருஷன் உள்ளங்காலைப் பெண்ஜாதி விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும். அவளுக்கு நோய் என்றால் அவன் பார்க்கட்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கொப்புளமோ காயமோ கண்டால் மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திராமல், மறுநாள் காலையிலேயே நர்சம்மாவிடம் காட்டுங்கள்.