தராசில் கொட்டுறதுக்கு முன்னாடி

போன வருஷம் அப்பாவோட லேத் பட்டறையை மூடினோம். பட்டறைக்கு வயசு 22, என்னை விட ஒண்ணு ஜாஸ்தி. ரெண்டு மெஷினும் வித்தாச்சு. மிச்சம் இருந்தது ஒரு மரப்பெட்டி. உள்ளே தேஞ்சு போன டூல் பிட்டுகள், முனை உடைஞ்ச ட்ரில் பிட்டுகள், நாலஞ்சு பிளக் கேஜ், ஒரு வெர்னியர், மெஷின்ல இருந்து கழட்டின நேம் பிளேட். காயலாங்கடைக்காரர் எல்லாத்தையும் ஒண்ணா தராசில் கொட்டி, "9 கிலோ" என்றார். அப்பா எதுவும் பேசல. நான்தான் கைக்கு வந்த பாதியை திரும்ப எடுத்துக்கிட்டேன்.

இதை வெச்சு என்ன பண்ணலாம்னு தேடும்போது கிடைச்ச வார்த்தைதான் அசெம்ப்ளாஜ்.

அசெம்பிளி தெரியும், அசெம்ப்ளாஜ் என்ன?

ஓசூர்ல இருக்கிற நமக்கு அசெம்பிளி லைன் புதுசு இல்ல. டிராயிங்ல இருக்கிற மாதிரி, ஒண்ணோட ஒண்ணு பொருந்தறதுக்காகவே செஞ்ச பாகங்களைச் சேர்க்கிறது அசெம்பிளி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத, ஏற்கனவே ஒரு வாழ்க்கை வாழ்ந்து முடிச்ச பொருட்களைச் சேர்த்து புதுசா ஒண்ணைச் சொல்ல வைக்கிறது அசெம்ப்ளாஜ்.

1942-ல் பிக்காசோ ஒரு சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து வெச்சார். காளையோட தலை வந்துடுச்சு. அதுல இருக்கிற விஷயமே, காளையைப் பார்க்கும்போதும் சைக்கிள் மறையறதில்லை என்பதுதான். 1961-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் இந்த மாதிரி வேலைகளை வெச்சு ஒரு பெரிய கண்காட்சி நடத்தினப்புறம் இந்தப் பெயர் உலகம் முழுக்க பரவியது.

பெயர்தான் புதுசு. நம்ம சோளக்கொல்லை பொம்மையை யோசிச்சுப் பாருங்க. கவுத்த மண்சட்டி, தாத்தாவோட கிழிஞ்ச சட்டை, ரெண்டு குச்சி. பறவைக்கு அது ஆள். நமக்கு அது இன்னமும் தாத்தா சட்டைதான்.

இதுல இருந்து ஒரு சின்ன டெஸ்ட் கிடைக்குது. நீங்க செஞ்சதுக்கு முழுக்க கோல்டு பெயின்ட் அடிச்சா எதுவும் குறையலைன்னா, அது ஸ்கிராப்பில் செஞ்ச சிலை. நல்லாவே இருக்கலாம். ஆனா அசெம்ப்ளாஜ்ல பாகத்தோட பழைய அடையாளம் தெரியணும். துரு, தேய்மானம், பஞ்ச் பண்ணின நம்பர் எல்லாம் அழுக்கு இல்ல. கதை அதுலதான் இருக்கு.

ஒரு ரோடு இன்ஸ்பெக்டர் கட்டின ஊர்

இந்தியாவுல இதுக்குப் பெரிய உதாரணம் நெக் சந்த். சண்டிகர் பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். லெ கொர்பூசியே வடிவமைச்ச அந்தப் புது நகரத்துக்காக பழைய கிராமங்களை இடிச்சாங்க. அந்த இடிபாட்டுல கிடைச்ச பீங்கான் துண்டு, உடைஞ்ச வளையல், எலக்ட்ரிக் சாமான், சைக்கிள் பாகம் எல்லாத்தையும் 1950களின் கடைசியில் இருந்து அவர் சேர்க்க ஆரம்பிச்சார். வேலை முடிஞ்சதும் அரசு நிலத்துல, காட்டுக்குள்ள, யாருக்கும் தெரியாம நூத்துக்கணக்கான உருவங்களைச் செஞ்சார்.

1970களில் அதிகாரிகள் கண்டுபிடிச்சாங்க. சட்டப்படி ஆக்கிரமிப்புதான், இடிச்சிருக்கலாம். ஆனா மக்கள் ஆதரவு இருந்ததால 1976-ல் ராக் கார்டன் என்ற பெயரில் திறந்து, அவருக்கு சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தாங்க. 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் மறைந்தார். காணாமப்போன கிராமங்களோட சமையல்கட்டும் வளையலும் இன்னைக்கும் சண்டிகர்ல இருக்குன்னா, அது அந்தத் தோட்டத்துலதான்.

நமக்கு ஏன் இது அவசரம்?

2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்ததும் புது பைக்குகள்ல பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் ஆயிடுச்சு. அப்பாக்கள் டியூன் பண்ணின கார்புரேட்டர் நம்ம கண்ணு முன்னாடியே பழம்பொருள் ஆகுது. ஓசூர்ல ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலான்னு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலைகள் வந்தாச்சு. ஸ்பார்க் பிளக், கிளட்ச் பிளேட், பிஸ்டன் ரிங் எல்லாம் அதே வரிசையில் நிக்குது. இங்கே காயலாங்கடை, பார்டர் தாண்டினா குஜரி. பேர் எதுவானாலும் ரெண்டு இடத்துலயும் கணக்கு கிலோவுலதான்.

செய்யற முறை

முதல்ல பொருள், அப்புறம்தான் ஐடியா. "ரோபோ செய்யப்போறேன்"னு முடிவு பண்ணிட்டு கடைக்குப் போகாதீங்க. கண்ணை நிறுத்தற பொருளை எடுங்க. இது என்ன, எந்த மெஷின்லன்னு கடைக்காரர்கிட்டயே கேளுங்க.

ஒட்டாம அடுக்கிப் பாருங்க. ஒரு பழைய மேஜை டிராயரை படுக்க வெச்சு உள்ளே அடுக்கலாம். தினமும் ஒரு போட்டோ எடுத்து, ஒரு வாரம் மாத்தி மாத்தி வையுங்க. பாதியை எடுத்து வெளிய வெச்சா பெரும்பாலும் நல்லா இருக்கும்.

இணைக்கறதுலதான் நம்ம படிப்பு உதவும். பாகத்துல ஏற்கனவே இருக்கிற ஓட்டையில் போல்ட் போடறது முதல் சாய்ஸ். கார்புரேட்டர் பாடி டை-காஸ்ட் அலாய், சாதா ஆர்க் வெல்டிங்ல பிடிக்காது. வார்ப்பிரும்பு வெல்டிங் சூட்டுல விரிசல் விடும். ஜிங்க் பூச்சு இருக்கிறதை வெல்ட் பண்ணினா வர்ற புகை காய்ச்சலே வர வைக்கும். சின்ன பாகங்களுக்கு அரால்டைட் போதும், ஆனா எண்ணெய்ப் பிசுக்கை சுத்தமா துடைக்கணும். செம்பும் இரும்பும் நேரா தொட்டுக்கிட்டு ஈரம் பட்டா இரும்பு வேகமா அரிக்கும். நடுவுல ஒரு நைலான் வாஷர் போடுங்க. உதிர்ற துருவை மட்டும் பிரஷ்ஷால் எடுத்துட்டு, மேல கிளியர் லாக்கர் ஒரு கோட் அடிச்சா போதும்.

தொடக்கூடாதவை

பழைய பிரேக் ஷூ, கிளட்ச் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தேய்க்கவோ அறுக்கவோ கூடாது. வீங்கின பேட்டரி, பழைய டிவி பிக்சர் டியூப் பக்கமும் போக வேண்டாம்.

இன்னொண்ணு. கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்களுக்குப் பேர் போனது. வயல்ல செதுக்கின கல் கிடந்தா அது கண்டெடுத்த பொருள்னு தூக்கிட்டு வர்றதுக்கு இல்ல. அதை அந்த இடத்துலயே விட்டுட்டு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்க. ஓடிக்கிட்டு இருக்கிற பழைய கடிகாரத்தை பல்சக்கரத்துக்காக உடைக்கிறதும் வேண்டாமே.

கடைசியா

நான் செஞ்சது பெருசா ஒண்ணும் இல்ல. அதே மரப்பெட்டி. நடுவுல நேம் பிளேட், சுத்தி டூல் பிட்டுகள் தேய்மான வரிசையில், கீழே பிளக் கேஜ். ஹால்ல வெச்சேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு கேஜைக் காட்டி, அது எந்த ஜாபுக்கு வாங்கினது, அந்த மாசம் எத்தனை பீஸ் ரிஜெக்ட் ஆகி திரும்பி வந்தது, அம்மா நகை எப்போ அடகுக்குப் போச்சுன்னு சொன்னார். நான் ஒருநாளும் கேட்காத கதை.

அப்புறம் கேட்டார்: "அந்த வெர்னியர் எங்கடா?"

அது தராசோட போன பாதியில் இருந்தது.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு பெட்டி இருக்கும். எடை போடறதுக்கு முன்னாடி திறந்து, ஒவ்வொண்ணா கையில் எடுத்து, "இது என்னதுப்பா?"ன்னு கேட்டுடுங்க. ஒட்டறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்.