நீரும் நீதியும் – 14: ஐந்து நாட் கணக்கு

தேசிய சுற்றாடல் சட்டம் 1980இல் பிறந்த விதத்தையும், 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் ஆலைகளுக்கு அனுமதிப்பத்திர முறை வந்து சேர்ந்த விதத்தையும் முன்னைய வாரங்களில் பார்த்துவிட்டோம். தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு அதை மீண்டும் விரிக்க வேண்டியதில்லை. இந்த வாரம், மாசு மிகுந்த ஆலைகள் தம்மைத் திருத்திக்கொள்வதற்கென ஜேர்மனிய அபிவிருத்தி வங்கியின் உதவியுடன் எங்கள் தேசிய அபிவிருத்தி வங்கியின் மூலம் வழங்கப்பட்ட கடன்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கான குறிப்புகளைத் தேடிப் புறப்பட்ட வேளையில், 2008ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தலின் அட்டவணை ஒன்றில் என் கண் நிலைகுத்தி நின்றுவிட்டது. அந்த அட்டவணையின் ஒரேயொரு வரியைப் பற்றிச் சொல்லாமல் கடனைப் பற்றிச் சொல்வது சாத்தியமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

உள்நாட்டு நீர்நிலை ஒன்றினுள் ஓர் ஆலை தன் கழிவுநீரை விடுவதானால், அந்நீரின் உயிரிரசாயன ஒட்சிசன் கேள்வி லீற்றருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது அந்த வரி கூறும் பொது விதி. கழிவில் உள்ள சேதனப் பொருளை நுண்ணுயிர்கள் உண்டு செரிக்கும்போது நீரிலுள்ள ஒட்சிசனை எவ்வளவு உறிஞ்சிக்கொள்கின்றன என்பதே இந்த அளவு. அது மிகுந்தால் மீன் மூச்சடைத்துச் சாகும், நீர் கறுத்து நாறும். கிருலப்பனைக் கால்வாயின் ஓரமாகக் கோடைகாலத்து மாலையில் நடந்தவர்களுக்கு இதை மூக்கே போதித்திருக்கும். என்னைத் தடுத்து நிறுத்தியது அந்த 30 அன்று. அளக்கும் முறையைக் குறிக்கையில், இருபது பாகையில் ஐந்து நாட்கள், அல்லது இருபத்தேழு பாகையில் மூன்று நாட்கள் என்று இரு வழிகளை அந்த வரி காட்டுகிறது. ஐந்து நாட்கள் என்று யார் தீர்மானித்தார்கள்? பின்னர் அது ஏன் மூன்றாயிற்று?

விடை தேடிப் போனால் 1898ஆம் ஆண்டு பிரித்தானியாவில் நியமிக்கப்பட்ட கழிவுநீர் அகற்றல் பற்றிய அரச ஆணைக்குழுவிடம் போய்ச் சேருகிறோம். பதினேழு ஆண்டுகள் நீடித்து, அறிக்கைமேல் அறிக்கையாக வெளியிட்ட அந்த ஆணைக்குழு, 1912இல் வெளிவந்த தன் எட்டாவது அறிக்கையில், நகரங்களின் கழிவுநீர் ஆற்றில் கலக்குமுன் எவ்வளவு தூய்மை பெற்றிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு பிரமாணத்தை வகுத்தது: ஒட்சிசன் கேள்வி 20, மிதக்கும் திண்மம் 30, அதுவும் ஆறு அக்கழிவை எட்டு மடங்கு நீரோடு கலந்து கரைக்கக்கூடியதாக இருந்தால் மாத்திரமே. சோதனைக்கு அவர்கள் வைத்த வெப்பநிலை 65 பாகை பரனைட். அது இங்கிலாந்தின் கோடைகால வெப்பத்தை ஒட்டியது. வைத்த காலம் ஐந்து நாட்கள். அந்தத் தீவில் எந்த ஆற்று நீரும் ஊற்றிலிருந்து புறப்பட்டுக் கடலைச் சேர அதைவிட அதிக காலம் பிடிப்பதில்லை என்ற கணக்கே அதற்குக் காரணம் என்பர். கடலைச் சேர்ந்த பிறகு நடப்பது ஆற்றின் கவலையல்லவே. பின்னாளில் 65 பாகை பரனைட்டைச் சற்றே உயர்த்தி இருபது பாகை செல்சியஸ் என முழுமையாக்கினார்கள். அவ்வளவுதான்; தேம்ஸும் செவெர்னும் ஓடும் நாட்டின் காலநிலையும் நிலப்பரப்பும் உலகம் முழுவதற்கும் உரிய அளவுகோலாகிவிட்டன.

நான் இதைப் படித்தபோது அடைந்த ஆனந்தத்தை மறைப்பதற்கில்லை. கிருலப்பனைக் கால்வாயின் நீர் வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கடலோடு கலக்கிறது. நடந்தே போய்விடக்கூடிய தூரம். அந்த நீரின் வெப்பம் ஒருநாளும் இருபது பாகைக்கு இறங்குவதில்லை. நுவரெலியாவில் உறையூற்றிய பால் தயிராவதற்கும் கொழும்பில் ஆவதற்கும் எடுக்கும் நேரம் ஒன்றல்ல என்பதை எந்தக் குடும்பப் பெண்ணும் அறிவாள். நுண்ணுயிர்களின் வேலை வெப்பத்தில் விரைந்து நடக்கும் என்ற அதே நியாயத்தின்படி, இருபது பாகையில் ஐந்து நாட்களில் நடப்பது இருபத்தேழு பாகையில் ஏறக்குறைய மூன்று நாட்களிலேயே நடந்து முடிகிறது. இந்தியாவும் இந்த மூன்று நாட் சோதனையையே கைக்கொள்கிறது. ஒரு வெப்ப நாடு, குளிர் நாட்டின் நாட்காட்டியைத் தன் நீருக்கேற்பத் திருத்திக்கொண்ட இந்தச் சிறிய செயலை, சட்டத்தின் அட்டவணைகளுக்குள் ஒளிந்துகிடக்கும் ஒரு விவேகமாகவே நான் மதிக்கிறேன்.

ஆயினும் மூன்று நாட்களும் எங்களுக்கு நீண்ட காலமே. எங்கள் பகுதியில் வாகனச் சேவை நிலையம் நடத்தும் அன்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அவர் கையைத் துடைத்துக்கொண்டே, “ரிப்போட் வாறதுக்கிடையிலை தண்ணி வெள்ளவத்தைக் கடலுக்குப் போயிடும் ஐயா, பிறகு ஆரைப் பிடிக்கிறது?” என்றார். அத்தகைய நிலையங்களும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியவையே. அவர் தமக்குரிய எண்ணெய் பிரிக்கும் தொட்டியைச் செவ்வனே பேணி வருபவர். அவர் கேட்ட கேள்வி, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் எந்த உத்தியோகத்தரும் கேட்டிருக்கக்கூடியது. குழாயின் வாயில் நின்று அளக்கும் சட்டம் எப்போதும் நடந்து முடிந்ததையே அளக்கிறது. ஆகவே மாசு பிறக்கும் இடமான ஆலையின் உள்ளேயே சட்டம் கால் வைக்கவேண்டும் என்பதும், அங்கே கால் வைக்கும்போது தண்டனையை மாத்திரமன்றி அறிவையும் பணத்தையும் உடன் கொண்டு செல்லவேண்டும் என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

தோல் பதனிடும் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்களவு தோலிற் சேராமலே வடிநீரோடு வெளியேறிவிடுகிறது. அந்நீரைத் தனியே பிரித்து, மக்னீசியம் ஒட்சைட்டு இட்டுக் குரோமியத்தை வீழ்படியச் செய்து, பின் கந்தக அமிலத்தில் கரைத்தால் அதே உப்பை மறுபடி தொட்டியில் இடலாம். கழிவு குறைகிறது, வாங்கவேண்டிய இரசாயனமும் குறைகிறது. இவ்வகைப் புத்திமதியை ஆலைகளுக்குச் சொல்வதற்கென்றே ஐக்கிய நாடுகள் கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பின் ஆதரவோடு 2002இல் இலங்கையில் தேசிய தூய உற்பத்தி மையம் தொடங்கப்பட்டது. பெரிய ஆலைக்கு இது எளிது. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையின் முதலாளிக்கு, தனித் தொட்டி ஒன்று கட்டுவதற்கான முதலே மலையாகத் தெரிகிறது. அவருக்குப் புத்திமதி மட்டும் என்ன செய்யும்?

இதற்குத் திருப்பூரைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. பின்னலாடைக்குச் சாயமிடும் தொட்டிகளில் சாயம் நூலைப் பற்றிக்கொள்வதற்காக உப்பை அள்ளி இடுவார்கள். அந்த உப்பு முழுவதும் நொய்யல் ஆற்றுக்குப் போயிற்று. 1990களின் பிற்பகுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. நிறம் குறைந்தது, ஒட்சிசன் கேள்வியும் குறைந்தது. ஆனால் உப்பை நுண்ணுயிர் உண்பதில்லை. ஐந்து நாட் சோதனையாயினும் மூன்று நாட் சோதனையாயினும், அதன் கண்ணுக்கு உப்பு தெரிவதேயில்லை! பாசனத்துக்கென 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய நீர் பயிரைக் காக்கவேண்டியதற்கு மாறாகக் கருக்கியது. ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் தொடுத்த வழக்கில், ஒரு துளிக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்ற கட்டளையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் விதித்தது. அது நிறைவேறாமற் போகவே 2011 ஜனவரியில் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று. ஊரே வேலையிழந்து தவித்தது. அதன் பின்னரே தமிழ்நாட்டு அரசு 200 கோடி ரூபா வட்டியில்லாக் கடனாக வழங்க முன்வந்தது. இன்று அங்குள்ள பொது நிலையங்கள் சில, நீரை வடிகட்டி எடுத்தபின் எஞ்சும் உப்புக் கரைசலைச் சுத்திசெய்து சாயத்தொட்டிக்கே திருப்பி அனுப்புகின்றன. ஆற்றைக் கொன்ற அதே உப்பு இப்போது தொழிலுக்கு முதலாகிவிட்டது.

கட்டளை பிறந்த அன்றே கடனும் பிறந்திருந்தால் அந்த விவசாயிகளும் தொழிலாளரும் இடைப்பட்ட ஆண்டுகளில் பட்ட துயரத்தில் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும் என்று நான் மனமார நம்புகிறேன். எங்கள் நாட்டில் அந்த வரிசை மாறி அமைந்தது: 1990களிலேயே கடன் காத்திருந்தது, கட்டளைதான் தயங்கிற்று. ஏன் அவ்வாறாயிற்று, கடனைப் பெற்றுக்கொள்ளத் தகுதி வாய்ந்தவை எவை, சிறு பட்டறைகள் அந்த வங்கியின் படியேற ஏன் அஞ்சின என்பவற்றையெல்லாம், ஐந்து நாட்களின் வசீகரத்தில் இடம் இழந்துவிட்ட காரணத்தால், அடுத்த வாரம் விரிவாக எழுதுவேன். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில் எங்கள் உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பையும், அது விதித்த 2 கோடி ரூபா நட்டஈட்டையும் அந்தக் கடன் கதையோடு சேர்த்தே பார்க்கவேண்டியிருக்கிறது.

(தொடரும்)