அடைத்த பல்லும் பீடிப் புகையும்

"போன வருஷம்தான் அடைச்சேன், அதுக்குள்ள விழுந்துடுச்சு" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் டாக்டரிடம் வருகிறவர்கள் நிறைய. டாக்டர் கைவேலை சரியில்லை, போட்ட சிமென்ட் மட்டம் என்றுதான் முதலில் சந்தேகம் போகும். அப்படியும் இருக்கலாம். ஆனால் சட்டைப்பையில் இருக்கிற பீடிக்கட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல் அடைத்துக்கொண்டவர்களின் சிகிச்சைக் குறிப்புகளை அலசி 2017-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வெள்ளி அடைப்பா, பல் நிற அடைப்பா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. புகைபிடிக்கும் ஆண்களுக்கும் மது குடிப்பவர்களுக்கும்தான் அடைப்பு அதிகமாகப் பழுதாகியிருந்தது. பரம்பரைக் கூறு ஒன்றுக்கும் அதில் பங்கு உண்டு என்றார்கள்.

அடைப்பு பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை. பல்லும் அடைப்பும் சேருகிற விளிம்பில்தான் கெடுகிறது. சூட்டில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை. சூடான டீயும் இடையிடையே சிகரெட்டும் என்று நாளெல்லாம் போனால் அந்த விளிம்புக்கு ஓய்வே கிடையாது. புகையிலுள்ள தார், பல் நிற அடைப்பின் மேல் படிந்து கறையாகிறது, வழவழப்பும் குறைகிறது. சொரசொரப்பான இடத்தில் கிருமிப் படலம் சுலபமாக ஒட்டும். அதைக் கழுவிவிட வேண்டிய எச்சிலின் காவலும் புகைப்பவர் வாயில் பலவீனமாகிவிடுகிறது. விளிம்பின் அடியில் புதுச் சொத்தை தொடங்குவது இப்படித்தான். இன்னொரு ஆபத்து வெளியே தெரியாது. நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால், ஈறு நோய் இருந்தும் ரத்தம் கசியாமல் போகலாம். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிந்தால், அங்கே போடும் அடைப்புக்குப் பிடிமானமும் குறைவு.

ஒவ்வொரு முறை அடைப்பை மாற்றும்போதும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும். குழி பெரிதாகி, கடைசியில் வேர் சிகிச்சை, கேப் என்று செலவு ஏறும். அதனால் விளிம்பில் பழுப்புக் கோடு தெரிந்த உடனே மாற்றச் சம்மதிக்காதீர்கள். வெறும் கறையாக இருந்தால் பாலிஷ் போதும். சின்ன உடைசலை ஒட்டுப்போட்டும் சரிசெய்யலாம். உள்ளே சொத்தை இருக்கிறதா, எக்ஸ்-ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். என்ன பொருள் போடுகிறார்கள், எவ்வளவு நாள் வரும் என்று கேட்பதும் உங்கள் உரிமை. பில்லையும் எக்ஸ்-ரேயையும் பத்திரப்படுத்துங்கள்.

சிகிச்சையில் உண்மையாகவே அலட்சியம் நடந்திருந்தால் வழி இருக்கிறது. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. குறை எழுந்து 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும். ஆனால் புகைப்பதை டாக்டரிடம் மறைத்துவிட்டுப் பழியை மட்டும் அவர் மேல் போடுவது நியாயமில்லை.

புகைப் பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. அடுத்த முறை பல் காட்டப் போகும்போது, டாக்டர் கேட்காவிட்டாலும், ஒரு நாளைக்கு எத்தனை பிடிக்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.