‘இன்னிக்குப் பறக்க மாட்டோம்’ என்று சொன்ன கம்பெனி

எங்கள் ஊர்ப் பக்கம் ஹெலிகாப்டர் வருவது தேர்தல் சமயத்தில்தான். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, சுற்றிலும் சவுக்குக் கட்டை கட்டிவிடுவார்கள். தலைவரைப் பார்க்க வந்தவர்களைவிட ஹெலிகாப்டரைப் பார்க்க வந்தவர்கள் அதிகம் இருப்பார்கள். அம்மாவும் ஒருமுறை அப்படிப் போய் நின்று, கண் நிறைய மண்ணை வாங்கிக்கொண்டு வந்தவர்தான். "அதுக்குள்ள உக்காந்தா எப்படி இருக்கும்னு தெரியல" என்று அதற்கப்புறம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் எங்களோடு இருக்க ஃபிராங்க்ஃபர்ட் வந்தார்கள். அவர்களை எங்காவது கூட்டிப்போக வேண்டும் என்று யோசித்தபோது மால்டா தோன்றியது. மத்தியதரைக் கடலில், சிசிலிக்குத் தெற்கே இருக்கிற குட்டித் தீவு நாடு. ஷெங்கன் விசாவே போதும். ஆங்கிலமும் அங்கே ஆட்சி மொழி என்பதால் அப்பா போர்டுகளைப் படித்துக்கொள்ளலாம். 1964 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் வண்டிகள் நம்மூர் மாதிரியே இடப்பக்கம் ஓடும். அரசுப் போக்குவரத்துக் கழக டெப்போவில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்த மனுஷனுக்கு இது பெரிய ஆறுதல்.

நான் லேப்டாப்பில் ஹோட்டல் தேடிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் ஒரு விளம்பரம் வந்தது. ‘மால்டாவை ஹெலிகாப்டரில் சுற்றிப் பாருங்கள், 20 நிமிடம்.’ பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்: "ஏன் தம்பி, இதுல நம்மளை மாதிரி ஆளுங்களும் ஏறலாமா?"

ஏறலாம் என்று சொல்வதற்குள் அப்பா குறுக்கிட்டார். "குன்னூரை மறந்துட்டியா?"

யாரால் மறக்க முடியும்? 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் போன ராணுவ ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் இறந்தார்கள். வானிலை திடீரென்று மாறி, ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசை தடுமாறியதாக விசாரணையில் சொன்னார்கள். நாட்டின் உயர்ந்த அதிகாரிக்கே அந்தக் கதி என்றால் நமக்கென்ன என்பது அப்பாவின் கேள்வி. எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மா கேட்டது என் காதில் நின்றுவிட்டது.

விலைப் பட்டியலும் விழுந்துபோன பாறையும்

ஐ.டி. ஆட்கள் எதையும் எக்செல்லில் போட்டால்தான் முடிவெடுப்போம். கம்பெனி, விலை, நிமிடம், ஸ்டார் ரேட்டிங் என்று கட்டம் போட்டேன். ஒரு தளத்தில் விலை மற்றவற்றைவிடப் பாதிதான். படங்களும் அருமை. அதில் ஒன்று, கோசோ தீவின் ‘அஷூர் விண்டோ’ என்ற பாறை வளைவு. அது 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது. இல்லாத பாறையைக் காட்டி டிக்கெட் விற்கிறார்கள்!

அடுத்து நேரக் கணக்கு. சின்ன ஹெலிகாப்டர் மணிக்கு சுமார் 200 கி.மீ. போகும். 20 நிமிடத்தில் 65 கி.மீ. மால்டாவின் நீளமே 27 கி.மீ. வல்லெட்டா துறைமுகம், கொமினோ, கோசோ, டிங்லி மலைமுகடு எல்லாம் அந்த 20 நிமிடத்துக்குள் என்று போட்டிருந்தால், எதையுமே ஒழுங்காகப் பார்க்க முடியாது என்று அர்த்தம். அந்த 20 நிமிடம் வானில் இருக்கும் நேரமா, பெல்ட் மாட்டுவதிலிருந்து கணக்கா என்பதையும் கேட்க வேண்டும்.

பட்டியலை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "எல்லாம் சரிதான். வண்டி யாரோடது?"

ஆம்னி பஸ் பாடம்

நம்மூர் ஆம்னி பஸ்ஸில் இந்த அனுபவம் பலருக்கு இருக்கும். ஆப்பில் ஒரு பெயர் பார்த்து டிக்கெட் போடுவோம், ஸ்டாண்டில் வேறொரு பெயரில் பஸ் நிற்கும். ஹெலிகாப்டரிலும் இதுதான். சுற்றுலாத் தளங்களில் பல, டிக்கெட் விற்கிறவை மட்டுமே. பறக்கிறவர் வேறு.

இன்னொரு வகையும் உண்டு. தனியார் விமானி உரிமம் வைத்திருக்கும் ஒருவர், தான் பறக்கும்போது செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஆட்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒன்றிய விதி அனுமதிக்கிறது. விமானியையும் சேர்த்து 6 பேருக்கு மேல் செலவைப் பங்கிடக் கூடாது, அவரும் தன் பங்கைப் போட வேண்டும், லாபம் பார்க்கக் கூடாது. சட்டப்படி இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் காசு வாங்கிப் பயணிகளை ஏற்றும் கம்பெனிக்கு ‘ஏ.ஓ.சி.’ என்கிற இயக்குநர் சான்றிதழ் வேண்டும். விமானிக்கான பயிற்சி, அவருடைய வேலை நேரம், பராமரிப்பு என்று எல்லாவற்றையும் அரசு ஆட்கள் தணிக்கை செய்வார்கள். செலவுப் பங்கீட்டுப் பயணத்தில் அந்த அளவு கண்காணிப்பு இல்லை. பாதி விலைக்குக் காரணம் இதுதானா என்று அந்தத் தளத்துக்கு மெயில் போட்டேன். ‘கவலை வேண்டாம், எங்களிடம் எல்லாம் பாதுகாப்பானது’ என்று பதில் வந்தது. நான் கேட்ட சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டத்திலிருந்து அந்த வரியை அழித்தேன்.

அப்பாவின் அடுத்த கேள்வி, "எஃப்.சி. எப்போ?" இதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று யோசித்து, கடைசிப் பராமரிப்பு எப்போது என்று இன்னொரு கம்பெனிக்கு எழுதினேன். அவர்கள் விவரமாகவே பதில் சொன்னார்கள். வண்டி ராபின்சன் ஆர்44. விமானியோடு நான்கு பேர். 2,200 மணி நேரம் அல்லது 12 வருஷம், எது முந்துகிறதோ, அப்போது முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் விதி. எஞ்சின் ஆறு சிலிண்டர் பெட்ரோல்.

"ஆறு சிலிண்டரா?" அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மணிக்கு எவ்வளவு குடிக்கும்?" ஐம்பது அறுபது லிட்டர் என்றேன். இருபது நிமிஷத்துக்கு இருபது லிட்டர். "அதுல நம்ம பஸ் நூறு கிலோமீட்டர் போகும், அறுபது பேரை ஏத்திக்கிட்டு" என்றார். மறுக்க முடியாத கணக்கு. ஐந்து லட்சம் பேருக்கு மேல் நெருக்கி வாழ்கிற, 316 சதுர கி.மீ. மட்டுமே உள்ள நாட்டில், மேலே சத்தம் போட்டுக்கொண்டு போவதும் யோசிக்க வேண்டியதுதான். அதனால் ஊர்களுக்கு மேல் சுற்றாமல் பெரும்பாலும் கரையோரமாகவே போகும் வழியைத் தேர்ந்தெடுத்தோம்.

எஞ்சின் நின்றால்? அதையும் கேட்டார். ஹெலிகாப்டர் கல் மாதிரி விழாது. பனையோலைக் காத்தாடியைக் கையில் பிடித்து ஓடினால் காற்றிலேயே சுற்றும் அல்லவா? அதுபோல, கீழே இறங்கும்போது எதிர்ப்படும் காற்றே மேல் விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தை வைத்து விமானி இறக்குவார். அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. அடியில் கடல் என்பதால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் கேட்க வேண்டும். படம் எடுக்க வசதி என்று கதவைக் கழற்றிவிட்டுப் போகும் பயணம் எனக்கு வேண்டாம். 2018இல் நியூயார்க்கில் அப்படிப் போன ஹெலிகாப்டர் ஆற்றில் இறங்கியபோது, கட்டியிருந்த கூடுதல் பட்டைகளிலிருந்து விடுபட முடியாமல் பயணிகள் ஐந்து பேரும் மூழ்கி இறந்தார்கள்.

கேள்வி கேட்டுத் தீர்க்க முடியாத ஆபத்தும் உண்டு. 2019 ஆகஸ்டில், இதே மத்தியதரைக் கடலின் மயோர்க்கா தீவில் ஒரு ஹெலிகாப்டரும் சிறு விமானமும் வானில் மோதி 7 பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் குழந்தைகள். என் மனைவி அதைப் படித்துவிட்டு, ஒன்றரை வயது மகளோடு தான் கீழேயே இருப்பதாகச் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை.

எடையில் பொய் சொல்லாதீர்கள்

பதிவு செய்யும்போது ஒவ்வொருவரின் எடையையும் கேட்டார்கள். அம்மா 62 கிலோ என்றார். அங்கே போய் மெஷினில் நின்றதும் 69. "செருப்பும் சேர்ந்திருக்கும்" என்றார் அம்மா. யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊழியர் பழைய கணக்கை அடித்துவிட்டு மறுபடி போட்டார். சின்ன ஹெலிகாப்டரில் மொத்த எடை மட்டுமல்ல, எந்தப் பக்கம் எவ்வளவு என்பதும் முக்கியம். முன் சீட்டில் உட்கார்ந்து வீடியோ எடுக்கலாம் என்று நான் போட்டிருந்த திட்டம் அதோடு போச்சு. எடைக் கணக்கில் முன் சீட்டு அப்பாவுக்கு வந்தது. காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காக இதில் சண்டை போடக் கூடாது.

ஆனால் இது நடந்தது இரண்டாவது தடவை போனபோது. முதல் தடவை நாங்கள் ஹோட்டலை விட்டே கிளம்பவில்லை.

அந்தக் காலை போன்

பதிவு செய்த நாளன்று காலை ஏழரைக்குப் போன் வந்தது. "இன்று பறக்க மாட்டோம். முழுப் பணம் திரும்பத் தரலாம், அல்லது இரண்டு நாள் கழித்து வாருங்கள்." மால்டாவில் ‘ஷ்லொக்’ என்று ஒரு தென்கிழக்குக் காற்று உண்டு. சஹாராவின் தூசியைக் கடல் தாண்டிக் கொண்டுவரும். ஜன்னலைத் திறந்தால் வெயில் அடிக்கத்தான் செய்தது. தூரம் மட்டும் மங்கலாக, பால் ஊற்றின மாதிரி. எனக்கு எரிச்சல். அம்மா விடிகாலையிலேயே குளித்து, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தார். "ஆப்பில் வெயில் என்றுதானே இருக்கிறது, பத்து நிமிஷமாவது போகலாமே" என்று வாதாடினேன். அவர்கள் மரியாதையாக மறுத்துவிட்டார்கள்.

போனை வைத்ததும் அப்பா சொன்னார். "போகலைன்னு சொல்றவன்கிட்ட சண்டை போடாதப்பா."

பிறகு டெப்போக் கதை ஒன்று சொன்னார். கொடைக்கானல் நடைக்குக் கிளம்பிய பஸ்ஸை, பிரேக்கில் ஏதோ சரியில்லை என்று ஒரு டிரைவர் மலை ஏறுவதற்கு முன்பே திருப்பிக்கொண்டு வந்துவிட்டாராம். பயணிகள் அவரைப் பேசாத பேச்சில்லை. அப்பா அடியில் படுத்துப் பார்த்தபோது ஏர் ஹோஸில் விரிசல். "இறக்கத்துல போயிருந்தா அவ்வளவுதான். ஆனா அன்னிக்கு அந்த டிரைவருக்கு ஒருத்தன்கூட நன்றி சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. 2020 ஜனவரியில் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட 9 பேர் இறந்த லாஸ் ஏஞ்சலஸ் விபத்து ஞாபகம் வந்தது. விமானி மேகத்துக்குள் நுழைந்து திசை தடுமாறியதுதான் காரணம் என்றது அமெரிக்க விசாரணை வாரியம். எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று அந்த விமானி தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்ட நெருக்கடியையும் அது குறிப்பிட்டது. யாரும் வற்புறுத்தாதபோதே அப்படி என்றால், போனில் நான் ‘பத்து நிமிஷமாவது’ என்று கெஞ்சியதற்கு என்ன பெயர்?

லீவு போட்டாச்சு, பணம் கட்டியாச்சு, நாளைக்கு ஃபிளைட் என்று நாம்தான் எதிராளியைத் தள்ளுகிறோம். அதனால் ஹெலிகாப்டரைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் நாளோ இரண்டாம் நாளோ வைத்து, பின்னால் ஒரு நாளைக் காலியாக விடுங்கள். வானிலையால் ரத்தானால் முழுப் பணம் திரும்புமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் திரும்பாது என்றால், பறந்தே தீர வேண்டும் என்ற ஆசை நமக்கும் வந்துவிடும்.

மேலிருந்து பார்க்க வேண்டியது

அந்த இரண்டு நாளில் காலால் பார்க்க வேண்டியதைப் பார்த்தோம். ம்டீனாவின் சந்துகள், மோஸ்டா தேவாலயம். 1942இல் குண்டு ஒன்று இந்தத் தேவாலயத்தின் கூரையைத் துளைத்து உள்ளே விழுந்தும் வெடிக்கவில்லை. பறக்க விருப்பமில்லாதவர்கள் வல்லெட்டாவின் அப்பர் பராக்கா தோட்டத்துக்குப் போனாலே துறைமுகம் முழுக்கக் கண்முன் விரியும். கீழே கடலோரத்திலிருந்து 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு அது பெரிய உபகாரம்.

மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆர்44இல் விமானி உட்காருவது வலப்பக்கம். அதைப் பார்த்ததும் அப்பா முகத்தில் பாதி பயம் போய்விட்டது.

மேலே போன பிறகுதான் வல்லெட்டா புரிந்தது. 1565இல் துருக்கியரின் முற்றுகையைத் தாங்கிய செயின்ட் ஜான் வீரர்கள், அடுத்த வருஷமே கட்ட ஆரம்பித்த நகரம். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே நாக்கு மாதிரி நீண்ட நிலத்தில், கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்த் தெருக்கள். பக்கத்துத் துறைமுகத்தில் மனோயல் கோட்டை, நட்சத்திர வடிவில். தரையில் நின்றால் வெறும் மதில்தான் தெரியும். கொமினோ பக்கம் கடல் திடீரென்று வெளிர்நீலமாகி அடிமணல் தெரிந்தது. திரும்பும் வழியில் டிங்லி மலைமுகடு. சுமார் 250 மீட்டர் உயரத்திலிருந்து நேரே கடலில் இறங்குகிறது பாறை. தரையிலிருந்து பார்க்க முடியாத இந்த மாதிரி இடங்கள் இருந்தால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம் என்பது என் அபிப்பிராயம்.

இறங்கியதும் விசிறி முழுக்க நிற்கும்வரை உட்காரச் சொன்னார்கள். பிறகு அப்பா விமானியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "தேங்க் யூ ஃபார் டே பிஃபோர் எஸ்டர்டே" என்றார். விமானிக்கு ஒரு நொடி விளங்கவில்லை. புரிந்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

அம்மா புடவையை உதறிக்கொண்டார். "கண்ணுல மண்ணே விழலயே" என்றார்.