டுரியானை ஏன் மரத்திலிருந்து பறிப்பதில்லை?

ஜூன், ஜூலை மாத வார இறுதிகளில் பினாங்குத் தீவின் மேற்கே உள்ள பாலிக் புலாவுக்குக் கூட்டம் கிளம்பிவிடும். எல்லாம் மலைச்சரிவு டுரியான் தோட்டங்களுக்குத்தான். நீங்களும் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க.

பறிச்சுத் தருவாங்களா?

மாட்டாங்க. மலேசியாவில் பழம் பழுத்துத் தானாக விழும்வரை காத்திருப்பதே வழக்கம். தாய்லந்தில் முற்றிய காயை வெட்டி இறக்கி, பிறகு பழுக்க வைப்பார்கள். விழுந்த பழம் வாசனையில் தூக்கல். ஆனால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் காலையிலேயே போய், அங்கேயே சாப்பிடுவது நல்லது.

எதைக் கேட்டு வாங்கலாம்?

'ஆங் ஹே' பினாங்கில் பிரபலம். பெயருக்குச் 'சிவப்பு இறால்' என்று பொருள். சுளையின் செம்மஞ்சள் நிறமே காரணம்.

வௌவாலுக்கு இதில் என்ன வேலை?

டுரியான் பூ மாலையில் மலரும். இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்கள்தான் மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோகும். அவற்றில் முக்கியமான ஓர் இனம் குகைகளில் வாழ்கிறது. பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும். சுண்ணாம்புக்கல் குன்றுகளை உடைத்தாலோ குகையில் வேட்டையாடினாலோ, பாதிப்பு தூரத்துத் தோட்டத்திலும் தெரியும். பூவைக் கெடுக்குதுன்னு வௌவாலை விரட்டினால் நஷ்டம் நமக்குத்தான்.

போகும்போது?

பழத்தைத் திறப்பதற்கு முன் கிலோ விலையைக் கேளுங்கள். தோட்டக்காரர் சொல்லாமல் மரத்தடியில் நிற்காதீர்கள். பல ஹோட்டல்களில் டுரியானுக்குத் தடை உண்டு. மிச்சத்தை அறைக்கு எடுத்துப் போயிடாதீங்க!