உங்களுக்குத் தெரியுமா? பழைய சிவிக் காரின் பெல்ட்டும் ஏர்பேக்கும்

2001 முதல் 2005 வரை அமெரிக்காவில் விற்ற பெரும்பாலான ஹோண்டா சிவிக் கார்களின் எஞ்சினில் பல் வைத்த ரப்பர் பட்டை ஒன்று ஓடுகிறது. அதுதான் டைமிங் பெல்ட். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வது இதன் வேலை. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே அறுந்துவிடும். அறுந்த நொடியில் சில வால்வுகள் திறந்தபடியே நின்றுவிட, மேலேறி வரும் பிஸ்டன் இடித்து அவற்றை வளைத்துவிடும். வண்டி நடுரோட்டில் அணைந்துபோகும். ஸ்டியரிங் கனக்கும், ஓரிரு முறை மிதித்த பிறகு பிரேக்கும் இறுகிவிடும்.

1,10,000 மைல் அல்லது 7 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது கையேடு. பழைய கார் வாங்குவோர் மைலை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்: அதிகம் ஓடாத வண்டியிலும் ரப்பருக்கு வயதாகும். வாட்டர் பம்ப்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. 2006 மாடலில் பெல்ட் போய் செயின் வந்தது.

இதைவிடக் கொடிய ஆபத்து ஸ்டியரிங்குக்குள் இருந்தது. 2001, 2002 சிவிக் கார்கள் பலவற்றில் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக். அதன் பையை ஊதவைக்கும் அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போகும். விபத்தின்போது உலோகக் கூடு வெடித்து, சில்லுகள் ஓட்டுநர் மேல் பாயும். சோதனைகளில் வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை தெரிந்ததால், பழுது நீக்கும்வரை அந்தக் கார்களை ஓட்டவே வேண்டாம் என 2016 ஜூனில் அமெரிக்க அரசு எச்சரித்தது. டீலரிடம் அந்த ஏர்பேக்கை மாற்றிக்கொள்ளக் கட்டணம் கிடையாது.